ஸ்டெப்னிக்கு ஒரு அறம், பம்பருக்கு ஒரு அறம்

ஜவ்வாது மலைக்கு அடிக்கடி தாரில் போகிறவர்கள் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள்: பின்னாடி இருக்கிற கம்பெனி பம்பரைக் கழற்றிவிட்டு, ஸ்டெப்னி கேரியரோடு வரும் இரும்பு பம்பரை மாட்டலாமா? நானும் வந்து சேர்ந்திருக்கிறேன். விசாரித்தால், "சேஃப்டிக்கு நல்லது பாஸ்" என்கிறார்கள். யாருடைய சேஃப்டிக்கு?

முதலில் கேரியரைப் பார்ப்போம். தாரின் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. பெரிய டயர் போட்டால் ஸ்டெப்னியும் பெரிதாகி எடை கூடும். மலைப்பாதையின் ஒவ்வொரு குலுக்கலும் கதவின் கீல்களை இழுக்கும். கேரியர் அந்த எடையைக் கதவிலிருந்து எடுத்து, பம்பர் வழியாகச் சேஸிஸில் இறக்குகிறது. பின் ஆக்ஸிலுக்கு அப்பால் எடை கூடுவதால் முன்சக்கரங்களின் பிடி கொஞ்சம் குறையும். மைலேஜும் குறையும். பெரும்பாலும் இதையெல்லாம் நானே கொடுத்துத் தீர்க்கிறேன். நடுக்காட்டில் டயர் வெடித்தால் இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் இருக்க நான் சுமக்கும் எடை அது.

பம்பரின் கதை வேறு. மோதலின் ஆற்றல் எங்காவது போயே ஆக வேண்டும். கம்பெனி பம்பர் நசுங்கி அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. நசுங்குவதுதான் அதன் வேலை. சேஸிஸில் நேராக போல்ட் போட்ட தடித்த இரும்பு லேசில் நசுங்காது. என் வண்டிக்கு ஒரு கீறல். மிச்சம் எதிரில் இருப்பவருக்கு, கொஞ்சம் என் கழுத்துக்கும்.

அந்த எதிராளி யார்? போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் வளைவுகளில் என் பின்னால் வருவது பெரும்பாலும் பைக். சாமை விளைவிக்கிற, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற மலையாளிப் பழங்குடி மக்களின் பாதை அது. எனக்குச் சனிக்கிழமை சாகசம். அவர்களுக்கு ரேஷன் கடைக்குப் போகும் வழி.

பாறையில் இறங்கும்போது கம்பெனி பம்பர் இடித்துக் கிழியும், உயர்த்தி வெட்டிய இரும்பு தப்பிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சென்னையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறோம். அதில் பாறை எத்தனை கிலோமீட்டர்? மீதி முழுக்க அந்த இரும்பு ஊருக்குள்தானே வருகிறது!

சட்டமும் இதை யோசித்திருக்கிறது. முன்பக்க புல் பார்கள், கிராஷ் கார்டுகள் மீது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்கச் சொல்லி, 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்துபோகிறவர்களுக்கு ஆபத்து என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. பின்பக்கத்து இரும்புக்கும் அந்தக் காரணம் பொருந்தாதா?

என் மாட்யூலின் எர்ரரை அடுத்த டீம் தலையில் தள்ளிவிட்டு "எங்க சைடு க்ளியர்" என்று சொல்வதை ஆபீஸில் யாரும் பாதுகாப்பு என்று அழைப்பதில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் எதை வாங்கினாலும் அதற்கு விலை கொடுப்பது யார் என்று ஒருதரம் கேட்டுவிடலாம். ஸ்டெப்னிக்கு நான் கொடுக்கிறேன். பம்பருக்குப் பைக்காரர் கொடுக்கிறார். ஒரே கடையில், ஒரே பில்லில் இரண்டும் வருவதால் வித்தியாசம் தெரிவதில்லை.

இன்னொன்றையும் கடைக்காரர்கள் சொல்வதில்லை. டயரைக் கம்பெனி அளவிலேயே வைத்துக்கொண்டால் அந்தக் கேரியருக்கே பெரிதாக அவசியம் இல்லை.