நோன்புக் கணக்கில் ஒரு லிட்டர்

பவேரியாக்காரர்கள் பீரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். பீர் என்பது குடிக்கிற ரொட்டி என்பது ஒன்று. குடிக்கிறது எதுவும் நோன்பைக் கெடுக்காது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள், ஒரே மேசையில், ஒரே கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரொட்டி என்றால் தவக்காலத்தில் அது சாப்பாட்டில் சேர்ந்துவிடும். பானம்தான் என்றால் ரொட்டி என்ற பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டும். மியூனிக் நகரம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. திருநீற்றுப் புதனுக்கும் ஈஸ்டருக்கும் நடுவில், கிறிஸ்தவன் வயிற்றைச் சுருக்க வேண்டிய அதே வாரங்களில், அடர்ந்த மால்ட் பீருக்கென்று ஒரு பருவமே வைத்திருக்கிறது. ஸ்டார்க்பியர் காலம் என்று பெயர். ஐந்தாவது பருவம் என்றும் சொல்வார்கள்.

நான் கீசிங்கில் இருக்கிறேன். இந்தப் பருவத்தின் தலைமைப்பீடமான நொக்கர்பெர்க் மேடு நடந்துபோகிற தூரம். தொழில், கணக்குத் தணிக்கை. ஒரு விதியைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் விதியைப் படிப்பார்கள். நான் ‘நீங்கலாக’ என்று வரும் வரியைத் தேடுவேன். எல்லாரும் அங்கேதான் ஒதுங்கியிருப்பார்கள். அதனால் இந்த நோன்புப் பீர் விஷயம் என்னை விடவே இல்லை.

இந்த நோன்புப் பீரை உண்டாக்கியவர்கள் நாக்குக்கு அடிமைப்பட்ட ஆட்கள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1627இல் மியூனிக்கின் ஆவ் பகுதியில் மடம் அமைத்த மினிம் சபைத் துறவிகள் அவர்கள். சபையைத் தொடங்கிய பவுலா ஊர்ப் புனித பிரான்சிஸ் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாக்காரர். 1507இல் பெரிய வெள்ளியன்று பிரான்சில் இறந்தார். மற்றத் துறவிகளுக்கு வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வாக்குறுதி. இவர் சபைக்கு நான்காவதாக ஒன்று: ஆயுள் முழுவதும் தவக்காலச் சாப்பாடு. இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஒன்றும் கிடையாது. கலாப்ரியாவில் ஆலிவ் எண்ணெயும் அத்திப்பழமும் வைத்துக்கொண்டு இதைச் சமாளித்துவிடலாம். ஆல்ப்ஸுக்கு வடக்கே மார்ச் மாதத்திலும் பனி கொட்டும் ஊரில் என்ன மிஞ்சும்? முட்டைக்கோஸ், கிழங்கு, மீன், ரொட்டி. அப்புறம் பார்லி.

பார்லியை முளைகட்டி, வறுத்து, காய்ச்சி, வழக்கத்தைவிடக் கெட்டியாகப் பீர் வடித்தார்கள். அந்த மடத்துப் பீரைப் பற்றிக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று ஒரு புகார்: துறவிகள் தங்களுக்குப் போட்டியாக வந்துவிட்டார்கள் என்று 1634இல் ஊர் பீர் வடிப்பவர்கள் நகராட்சிக்கு எழுதியது. அந்த மடத்தின் வழிவந்த பவுலானர் கம்பெனி இன்றும் புட்டியில் தன் பிறந்த வருஷமாகப் போட்டுக்கொள்வது அந்தப் புகாரின் வருஷத்தைத்தான். ஒரு தணிக்கையாளராக இதை நான் மிகவும் ரசிக்கிறேன்.

சால்வடோர் என்ற அந்தப் பீரை இன்று வாங்கினால் 7.9 சதவீதம் சாராயம் இருக்கும். நொதிக்கும் முன் அதன் சாற்றில் 18 சதவீதத்துக்கு மேல் மால்ட் சத்து கரைந்திருக்கிறது. டோப்பல்பொக் என்று பெயர் வைக்க ஜெர்மனியில் அந்த 18 வேண்டும். எல்லாச் சர்க்கரையும் சாராயமாகிவிடாமல் ஒரு பங்கு அப்படியே தங்குகிறது. ஒரு லிட்டர் உள்ளே போனால் எழுநூறு கலோரியை ஒட்டி வரும். நம் ஊர்க் கணக்கில் அது ஒரு வேளைச் சாப்பாடு.

அப்படியானால் அந்தத் துறவிகள் ஏமாற்றினார்களா? ‘குடிப்பது நோன்பை முறிக்காது’ என்பதைக் குடிகாரர்கள் கட்டிவிட்ட கதை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தன் ‘சும்மா தியோலொஜிகா’வில் இதை நிதானமாக விசாரிக்கிறார். நற்கருணைக்கு முன் இருக்கும் நோன்பு வேறு. அதில் தண்ணீர்கூடக் கூடாது. திருச்சபை விதிக்கும் நோன்பு வேறு. திருச்சபை எதைத் தடுக்க நினைத்ததோ அதனால் மட்டுமே அது முறியும். பானம் கொஞ்சம் போஷாக்குத் தரத்தான் செய்கிறது, ஆனால் மனிதர்கள் அதைப் பிரதானமாகச் செரிமானத்துக்கும் உடம்பின் நிலையைச் சீராக்கவும் குடிக்கிறார்கள், ஆகவே தடையில்லை என்கிறார். இனிப்பு லேகியத்துக்கும் அதே தீர்ப்பு. லேகியத்தையே சாப்பாடாக அள்ளித் தின்றால் மட்டும் செல்லாது. இதோடு விட்டிருந்தால் நல்ல வக்கீல் என்று சொல்லி மூடிவைத்திருப்பேன். அளவுமீறிக் குடிக்கிறவன் பாவம் செய்யலாம், நோன்பின் பலனையும் இழக்கலாம் என்று அவரே சேர்க்கிறார். அதாவது நோன்பு முறியாது; பலன் மட்டும் கிடைக்காது. ரசீது சரியாக இருக்கும், சரக்கு வந்திருக்காது. தணிக்கையில் இந்த வகைக் கோப்புதான் மிகவும் சங்கடமானது.

பின்னால் சாக்லேட்டுக்கும் இதே வழக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கெட்டியான பானம் நோன்பை முறிக்குமா என்று 1636இல் லெயோன் பினேலோ ஸ்பெயினில் ஒரு முழுப் புத்தகமே போட்டார். பின்னர் கர்தினால் பிரான்காச்சோ முறிக்காது என்று எழுதினார். இந்தச் சண்டையெல்லாம் ஐரோப்பியக் கூத்து என்று சிரிக்க எனக்கு வாய் வராது. நான் வளர்ந்த கும்பகோணத்து வீட்டில் ஏகாதசி என்றால் சமையலறையில் வழக்கத்தைவிட வேலை அதிகம்.

என் அத்தை ஏகாதசி தவறாதவள். சோறு கிடையாது. ஆனால் கோதுமை ரவை உப்புமா உண்டு, அவல் உண்டு, சேப்பங்கிழங்கு உண்டு, ராத்திரிக்குப் பாலும் பழமும் உண்டு. பிற்பகலில் நடுக்கூடத்தில் படுத்திருப்பாள், பசியால் அல்ல. ‘இதுக்குப் பேரு விரதமா அத்தை?’ என்று கேட்கும் வயது எனக்கு வந்தபோது கேட்டேன். அவள் கோபப்படவில்லை. ‘சோத்தை விடணும்னுதான்டி சொல்லியிருக்கு. பசிக்கணும்னு யாரு சொன்னா?’ என்றாள். சோறு மூன்று வேளையும் இருக்கிற வீட்டில், சோறு வடிக்காத ஒரு நாள் என்பது கையும் வாயும் உணர்கிற மாற்றம்தான். அப்பாவைப் பெற்ற தாத்தா ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருப்பார். அன்று முழுவதும் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுவார். யாருடைய விரதம் பெருமாளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. மாட்டுப்பெண்களைக் கேட்டிருந்தால் அத்தைக்குத்தான் ஓட்டு விழுந்திருக்கும்.

இங்கிருந்துதான் மினிம் துறவிகளை நான் பார்க்கிறேன். பிப்ரவரியில் முட்டையும் வெண்ணெயும் இல்லாமல், குளிர்ந்த கல் கட்டடத்தில், விடியுமுன் எழுந்து ஜெபித்து, நாள் முழுவதும் உழைக்கிறவனுக்கு அந்த ஒரு குவளை அந்த வாக்குறுதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் வாக்குறுதியே நிற்காது. விலக்கு என்பது விதியைச் சுமக்கிறவனுக்கு உரியது. பாரத்தைத் தூக்கியவன் சுமைதாங்கிக் கல்லில் இறக்கிவைத்தால் அவனை யாரும் கேட்கமாட்டார்கள்.

பாரம் போனபிறகு கல் மட்டும் நின்றால்? அதுதான் இங்கே நடந்தது. 1799இல் மடம் கலைக்கப்பட்டது. பிரான்ஸ் க்ஸாவர் சாகெர்ல் என்ற பீர் வியாபாரி வடிசாலையை முதலில் குத்தகைக்கும் பிறகு சொந்தமாகவும் எடுத்தார். துறவிகள் போனார்கள், பீர் இருந்தது. 1896இல் சால்வடோர் என்ற பெயருக்கு வணிகக் காப்பு வாங்கிவிட்டார்கள். அதுவரை அதே பெயரில் விற்றுக்கொண்டிருந்த மற்றக் கம்பெனிகள் அந்தப் பெயரின் ‘-ator’ என்ற வாலை மட்டும் வைத்துக்கொண்டு மாக்ஸிமேட்டர், ட்ரையம்ஃபேட்டர், ஆனிமேட்டர் என்று ஆளுக்கொரு பெயர் சூட்டிக்கொண்டன. 1966இல் ஆறாம் பவுல் பாப்பரசர் நோன்பு விதியையே தளர்த்திவிட்டார். இன்று கத்தோலிக்கருக்கு ஒருசந்தி என்ற நோன்பு கட்டாயமான நாள் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 வயதிலிருந்து 59 வயதுவரை. நாற்பது நாள் நோன்பு இரண்டாகச் சுருங்கிவிட்டது. அந்த நாற்பதைத் தாங்குவதற்காக வடித்த பீர் மட்டும் நாற்பது நாளும் ஓடுகிறது. போதாததற்கு, புட்டியில் வருஷம் முழுவதுமே கிடைக்கிறது.

சென்ற மார்ச்சில் ஒரு கடைக்காரர் நடத்திய ருசிபார்க்கும் மாலைக்குப் போயிருந்தேன். சீட்டு 39 யூரோ. ஆறு டோப்பல்பொக், சின்னக் கிளாஸில், ஆட்டுப் பொம்மை கழுத்தில் தொங்கும் அயிங்கர் செலப்ரேட்டரிலிருந்து தொடங்கி. வாய்க்கு வாய் ரொட்டியும் தண்ணீரும். ஆன்டெக்ஸ் மடத்துக் கறுப்பு டோப்பல்பொக்கில் வறுத்த மால்ட் வாசனையோடு கருப்பட்டி போல ஒரு அடிச்சுவை இருந்தது; நான் அப்படிச் சொன்னபோது பக்கத்திலிருந்தவர் காகிதத்தில் எழுதிக்கொண்டார். கடைக்காரர் வழக்கமான கதையைச் சொன்னார்: துறவிகள் போப்பாண்டவரிடம் அனுமதி கேட்டு ஒரு பீப்பாய் அனுப்பினார்களாம், ஆல்ப்ஸ் தாண்டி ரோமாபுரி சேர்வதற்குள் அது புளித்து நாறிவிட்டதாம், ‘இதைக் குடிப்பதே பெரிய ஒறுத்தல்’ என்று போப் ஆசீர்வதித்துவிட்டாராம். ஆதாரமில்லாத கதை. ஆனால் அதற்குள் நல்ல இறையியல் இருக்கிறது: கசப்பாக இருந்தவரைக்கும் அது தவம்.

மேசையில் ஒருவர் 2011இல் நடந்ததை நினைவூட்டினார். அமெரிக்காவின் அயோவாவில் ஒரு பத்திரிகையாசிரியர் தவக்காலத்தின் 46 நாளும் டோப்பல்பொக்கும் தண்ணீரும் மட்டுமே குடித்து இருந்து பார்த்தார். முதல் சில நாள் பசி, பிறகு தெளிவு என்று எழுதினார். எடையும் நன்றாக இறங்கியது. முடியும் என்று நிரூபித்துவிட்டார் என்றார்கள். என்ன முடியும்? உடம்பு தாங்கும் என்பதுதானே. உடம்பைப் பற்றித் துறவிகளுக்குச் சந்தேகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நொக்கர்பெர்க்கில் முதல் பீப்பாய் திறக்கும் மாலை இன்னொரு விசித்திரம். ஒருவர் மேடையேறி ‘தவக்காலப் பிரசங்கம்’ செய்வார்; 1770களில் மடத்தில் பீர் வடித்த சகோதரர் பர்னபாஸின் பெயரில் அது பல வருஷம் நடந்தது. கீழே மாநில முதல்வர், மந்திரிகள், எதிர்க்கட்சிக்காரர்கள், சாம்பல் நிறக் கல்குவளைகளுக்குப் பின்னால். பேர் சொல்லி வறுத்தெடுப்பார்கள். வால்டர் செடில்மாயர் என்ற நடிகர் பல வருஷம் இந்தப் பிரசங்கத்தைச் செய்தார். 2011இலிருந்து 2018வரை லூயிஸே கின்சேஹர் துறவி உடையைத் தள்ளிவிட்டு பவேரியாத் தாயாகவே வந்து பிள்ளைகளைக் கண்டித்தார். தொலைக்காட்சி நேரடியாகக் காட்டும். திட்டு வாங்கியவர் சிரிக்க வேண்டும். அழைப்பு வராவிட்டால் அதைவிட அவமானம். அந்தக் கூடத்தில் எங்கேயாவது நோன்பு மிஞ்சியிருந்தால் அது அந்த முன்வரிசையின் இறுகிய சிரிப்பில்தான் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். ஒரு மந்திரி ஒரு மாலை கௌரவத்தை விடுகிறாரே என்று. இப்போது அப்படி நினைப்பதில்லை. கேமரா பக்கத்தில் இருக்கும்போது விடுவது எதுவும் முதலீடுதான். திருநீற்றுப் புதன் திருப்பலியில் வாசிக்கிற நற்செய்திப் பகுதியே, நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், ஊருக்குத் தெரியாமல் இரு என்பதுதான்.

அதே வாசகத்தில் நோன்புக்கு முன்னால் வருவது தர்மம், அதுவும் ரகசியமாக. என் கீழ்வீட்டு அம்மையாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. விதிப்படி அவருக்கு ஒருசந்தி இருபது வருஷத்துக்கு முன்பே முடிந்துபோனது. ஆனாலும் தவக்காலத்தில் பீர் தொடமாட்டார். காரணம் கேட்டால், ‘அது ரொட்டி ஆயிற்றே’ என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பார். ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், நாற்பதில் சேராது என்பது பழைய கணக்கு, அதனால்தான் நாட்காட்டியில் 46 வருகிறது. மிச்சம் பிடித்த காசை மிசெரேயோர் உண்டியல் அட்டைப்பெட்டியில் போடுவார். ஜெர்மன் ஆயர்கள் 1958இல் ஏழை நாடுகளுக்காகத் தொடங்கிய தவக்காலக் காணிக்கை அது. குடிக்காத ஒவ்வொரு அரை லிட்டருக்கும் கடை விலை, காசு சுத்தமாக.

நான் இதுவரை பார்த்த நோன்புகளில் வரவும் செலவும் நேராவது இவருடையதில்தான். துறவியின் குவளைக்கு மறுபக்கத்தில் அவன் சுமந்த வாக்குறுதி இருந்தது. அத்தையின் உப்புமாவுக்கு மறுபக்கத்தில் ஒரு நாள் வடிக்காத சோறு இருந்தது. அந்த அரிசியை யார் வாங்கிப் போனார்கள் என்று நான் அப்போது பார்க்கவில்லை. ஆன்டெக்ஸ் பீரைக் குடிக்கிறவர்களுக்குக்கூட ஒரு பதில் உண்டு: அந்த வடிசாலை மியூனிக்கின் புனித போனிஃபாஸ் மடத்துக்குச் சொந்தம், அந்த மடம் நகரத்தில் வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடும் மருத்துவமும் தருகிறது. பீர் பணம் அங்கே போய் ரொட்டியாகிறது.

ருசிபார்க்கப் போன கதையை அம்மையாரிடம் சொன்னேன். எந்தப் பீர் நன்றாக இருந்தது என்று கேட்டார். ஆன்டெக்ஸ் என்றேன். நல்ல தேர்வு என்று தலையாட்டிவிட்டு, சீட்டு என்ன விலை என்றார். சொன்னேன். ‘ஆறு சின்னக் கிளாஸுக்கா? உனக்கு ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை நான் அரை லிட்டரே தருகிறேன்’ என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார்.