குகையைக் காலி செய்து டப்பாவை நிரப்பாதீர்கள்

ஐசோபாட் வாங்கப் பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது உங்கள் வீட்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா?" பதிலில் மழுப்பல் தெரிந்தால் வாங்காதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

தொட்டால் மரவட்டை போலச் சுருண்டுகொள்ளும் இந்தச் சிற்றுயிர் உண்மையில் நண்டு, இறாலின் உறவு. வண்ணத்துக்காக இதை டப்பாவில் வளர்க்கும் மோகம் பல நாடுகளில் பரவிவிட்டது. அதிகம் ஆசைப்படுவது தாய்லாந்தின் 'ரப்பர் டக்கி'க்கு. கறுத்த முதுகு, மஞ்சள் முகம். எதிரே வைத்துப் பார்த்தால் குளியல்தொட்டி வாத்துப் பொம்மையேதான். அறிவியல் பெயர் சூட்டும் முன்பே விலை வைத்துவிட்டார்கள்.

அது வாழும் அந்த நாட்டுச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் தனித்தனியே நிற்பவை. ஒரு குன்றின் குகையில் வாழும் உயிர் அடுத்த குன்றில் இல்லாமலே போகலாம். சிமென்ட்டுக்காக வேறு அவற்றை உடைக்கிறார்கள். ரப்பர் டக்கி மளமளவென்று பெருகும் இனமும் அல்ல. ஓர் ஈற்றுக்குச் சில குஞ்சுகள், அவை வளர்ந்து ஆளாகப் பல மாதங்கள். அங்கே ஒருவர் பை நிறைய அள்ளினால் மிஞ்சுவது என்ன? அரிய உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இவை இல்லையே என்று வாதாட வேண்டாம். பட்டியலில் இல்லை என்பது அள்ளிக்கொள் என்ற அனுமதி ஆகாது.

வாங்கிவிட்டீர்களா? இனி அதன் உயிர் உங்கள் பொறுப்பு. வயிற்றின் அடியிலுள்ள தகடுகளால் மூச்சு விடுவதால் ஈரம் இல்லாவிட்டால் செத்துவிடும். டப்பா முழுக்கச் சேறாக இருந்தாலும் சாகும். ஒரு பக்கம் ஈரப்பாசி, மறுபக்கம் உலர்மண், நடுவே மருந்து தெளிக்காத காய்ந்த இலை, கூடவே ஒரு துண்டு கணவாய் ஓடு. தோலை ஒரே மூச்சில் உரிக்காது: முதலில் பின்பாதி, சில நாள் கழித்து முன்பாதி. பாதி வெளுத்து நிற்பதைப் படம் எடுக்கிறேன் என்று கையில் தூக்காதீர்கள்.

இன்னொன்று. கூட்டத்தில் ஒன்று திடீரென ஊதாநீலமாக மின்னினால் அபூர்வ வகை கிடைத்ததென்று துள்ளாதீர்கள். பிறவியிலேயே நீலநிறமான வகைகள் உண்டு, அவை வேறு. இடையில் ஏறும் இந்த மினுக்கம் பெரும்பாலும் இரிடோவைரஸ் தொற்று. அந்த உயிர் பிழைக்காது. செத்ததை மற்றவை தின்றால் நோய் அவற்றுக்கும் பரவும். உடனே பிரித்து வையுங்கள். தெரிந்தே அதை விற்பது பச்சைத் துரோகம்.

சலித்துப்போனால் தோட்டத்தில் கொட்டவே கூடாது. மத்தியதரைக் கடலோரத்து ஆர்மடில்லிடியம் வல்காரே என்ற ஐசோபாட் மனிதரோடு கடல் கடந்து அமெரிக்கக் கண்டங்களில் குடியேறியது. அர்ஜென்டினாவில் சோயா நாற்றுகளையே தின்று உழவர்களை அலைக்கழிக்கிறது. பழைய மண்ணைக்கூட இரண்டு நாள் ஃப்ரீஸரில் வைத்த பிறகே வெளியே போடுங்கள்.

பெருகிவிட்டால் பக்கத்தில் வளர்ப்பவருக்குக் கொடுங்கள். எங்கே பிறந்தது என்று டப்பாவில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் பிறந்தது தாராளமாகக் கிடைத்தால் குகையில் அள்ளியதை வாங்க ஆளிருக்காது.