கட்டணக் கல்வியும் வாழ்க்கை ஏற்றமும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

பணம் கொடுத்துப் பெறும் கல்வி, பணம் கொடாது பெறும் கல்வியைக் காட்டிலும் பிற்கால வாழ்வில் மிகுந்த ஏற்றத்தைத் தருமா என்னும் வினா கொழும்பில் ஒரு பொருளிலும் பதுளையில் வேறொரு பொருளிலும் எழுகின்றது. கொழும்பில் அது தெரிவு பற்றிய வினாவாகும். வசதி படைத்த பெற்றோர் இரு நல்ல பாடசாலைகளுள் எதனைக் கொள்வது என்று எண்ணிப் பார்ப்பர். பசறையிலோ நமுனுகுலை மலைச்சாரலிலோ கொழுந்து பறிக்கும் தாயொருத்திக்கு அது, மூத்தவனின் தனியார் வகுப்புக்காக மாதத்தில் எத்தனை நாட்கூலியை ஒதுக்குவது, அதன்பொருட்டு இளையவளுக்கு எதனை மறுப்பது என்னும் வினாவாகின்றது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயென வர்த்தமானியில் வெளிவருவதற்கே 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்தது என்பதை நினைந்தால் இவ்வொதுக்கீட்டின் கனம் விளங்கும்.

மலையகத்தைப் பொறுத்தவரை 'தனியார் கல்வி' என்னும் தொடரே மயக்கம் தருவதாகும். இந்நாட்டின் முழுமையான தனியார் பாடசாலையாக நெடுங்காலம் இருந்தது தோட்டப் பாடசாலையே என்றால் வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே. கட்டடம் தோட்டத்துக்குரியது; ஆசிரியரை அமர்த்துபவரும் விலக்குபவரும் துரை; பெரும்பாலும் ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் வைத்து நடத்தினார். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. பத்து வயதோடு அப்பொறுப்பு முடிந்தது. அதன்பின் பிள்ளைக்குக் காத்திருந்தது மலை.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதும், நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் தோட்டங்களின் கையிலேயே விடப்பட்டிருந்தன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகளும் படிப்படியாக அரசின்கீழ் வந்தன. எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைக்கத் தொடங்கின. ஆக, கிராமத்துப் பிள்ளைக்கு 1945இல் திறந்த கதவு தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு தலைமுறை பிந்தியே திறந்தது.

இவ்வரலாறு நினைவுகூரப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. கட்டணம் வாங்காத தனியார் பாடசாலையொன்று அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கு நிலவியது. அதில் கற்றவருள் ஏற்றம் பெற்றோர் மிகச் சிலரே. தனியுடைமை என்பதனால் மட்டும் ஒரு பாடசாலை வாழ்வை உயர்த்திவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்பாடசாலையின் உரிமையாளருக்குக் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டியிருந்தன. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் வேண்டியிருக்கவில்லை. பாடசாலை எவருக்கு உரியது என்பதினும், அஃது எவருக்குக் கணக்குக் காட்டுகின்றது என்பதே பெரிதாயிற்று.

கட்டணம் பெறும் தனியார் பாடசாலையும் ஊவாவுக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப்போரின்போது கல்கிசைச் சென் தோமஸ் கல்லூரியின் வளவு படையினரின் தேவைக்கு எடுக்கப்பட்டபோது, 1942இல் வெலிமடைக்கு அண்மையிலுள்ள குருத்தலாவையில் அதன் கிளை தோன்றியது. 1960, 1961 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோது, அரச மானியத்தைத் துறந்து தனித்து நின்ற சிலவற்றுள் சென் தோமஸ் பாடசாலைகளும் அடங்கும். பின்னர்ச் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்றுத் தோன்றின. இவை ஆங்கிலத்தையும், அவைக்கூச்சமற்ற நடையையும், பிற்காலத்தில் உத்தியோகத்துக்குப் பரிந்துரைக்கத்தக்க நண்பர்களையும் தருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் இவற்றை அரசாங்கப் பாடசாலையும் தரக்கூடும். 1835இல் தோன்றிய கொழும்பு ரோயல் கல்லூரி அரசாங்கக் கல்லூரியே. அதன் வாயிலில் நிற்கும் பெற்றோரின் தொகை எந்தக் கட்டணப் பாடசாலைக்கும் குறைந்ததன்று. பதுளையிலும் தோட்டத்துப் பெற்றோர் கனவு காண்பது சரஸ்வதி கல்லூரியில் ஓர் இடத்தையேயன்றிக் குருத்தலாவையை அன்று.

அவ்வாறாயின் ஊவாவின் தோட்டப்புறங்களில் உண்மையில் நிலவும் தனியார் கல்வி எது? சனி, ஞாயிறுகளில் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் வரும் பஸ்களில் ஏறிப் பார்ப்போர் அதனைக் காண்பர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை, பாடத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டிக் கேட்கும் வகுப்புகளே அது. பாடசாலைக் கல்வி இலவசம். பரீட்சையில் சித்தி பெறுவதற்கு வேண்டிய கல்வி விலைக்கு. பாடசாலையில் விளக்க வேண்டியதை மாலை வகுப்புக்கென்று வைத்திருக்கும் ஆசிரியர் பற்றிய முறைப்பாடும் நாடெங்கும் உண்டு.

இனி, விலை கொடுத்த கல்வி உண்மையில் கூடுதலாகப் பயன் தருகின்றதா என்பதைப் பார்க்கலாம். கட்டணப் பாடசாலையில் கற்றோர் பலர் உயர்ந்திருக்கின்றனர் என்று காட்டுவது எளிது. ஆனால் அவர்கள் அப்பாடசாலையால் உயர்ந்தார்களா, அப்பாடசாலைக்கு அனுப்பக்கூடிய குடும்பத்தில் பிறந்தமையால் உயர்ந்தார்களா என்பதைப் பிரித்தறிவது கடினம். இதனைப் பிரித்தறியும் முயற்சியாக ஆந்திரப் பிரதேசத்தில் ஓர் ஆய்வு நடைபெற்றது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகிய இருவரும் 2015இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். கிராமப்புறப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் முறையில் தனியார் பாடசாலைக்கான உதவித்தொகை வழங்கப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின் சோதித்தபோது, தெலுங்கிலும் கணிதத்திலும் உதவி பெற்றோர் பெறாதோரை விஞ்சவில்லை. இந்தியில் மட்டுமே முந்தியிருந்தனர். தனியார் பாடசாலைகள் மிகக் குறைந்த செலவில் அதே அளவைக் கற்பித்தன என்பதையும் ஆய்வாளர் சொல்லத் தவறவில்லை.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், அலன் குரூகர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு பல்கலைக்கழகங்கள் பற்றியது. புகழ்மிக்க நிறுவனங்களில் இடங்கிடைத்தும் அங்குச் செல்லாது வேறிடம் சென்றோர், சென்றவரளவுக்கே பின்னர் ஊதியம் பெற்றனர் என்று அவர்கள் கண்டனர். ஆனால் அம்முடிவுக்கு ஒரு விலக்கு இருந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகழ்மிக்க நிறுவனத்தால் உண்மையான ஆதாயம் விளைந்தது. வீட்டில் ஏற்கெனவே உள்ளதைப் பாடசாலை மீண்டும் கொடுத்தால் அதன் பயன் சிறிது. வீட்டில் இல்லாததைக் கொடுத்தால் அதன் பயன் பெரிது. செல்வர் தம் பிள்ளைக்காகச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி வீண். தோட்டத் தாய் செலவிடும் பணம் வீணன்று. இம்முடிவு செல்வரைச் சற்றே சிரிக்க வைக்கலாம். அவளைச் சிரிக்க வைக்காது.

கல்விக்கும் ஏற்றத்துக்கும் இடையே சட்டம் என்னும் ஒரு வாயிலும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை நீண்டது. பிரசாவுரிமை அற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அவன் எத்தகைய பாடசாலையில் எவ்வளவு பணம் கட்டிக் கற்றிருப்பினும் அவனது சான்றிதழ் ஒரு கதவின் முன் செயலற்று நின்றது. 'பிற்கால வெற்றி' என்பதைப் பாடசாலையின் கணக்கில் மட்டும் எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

திருவள்ளுவர் மக்கட்பேற்று அதிகாரத்தில் அடுத்தடுத்து வைத்துள்ள இரு குறள்கள் இவ்விடத்தில் கருதத்தக்கன. முன்னையது, கற்றோர் கூட்டத்தில் மகன் முதன்மை பெறும்படி செய்வதே தந்தை அவனுக்குச் செய்யும் உதவி என்கின்றது. பின்னையது, பிள்ளைகளின் அறிவு பெற்றோரைக் காட்டிலும் உலகத்து உயிர்களுக்கெல்லாம் இன்பம் தருவது என்கின்றது. இவ்விரண்டும் ஒரே திசையில் செல்வனவல்ல. அறிவு எத்தனை பேர் பெறினும் குறையாது. முதன்மையோ ஒருவர் பெற்றால் மற்றவர் இழப்பது. பல்கலைக்கழக அனுமதி முதன்மை வகையைச் சேர்ந்தது. அனுமதியில் நூற்றுக்கு 40 திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுகின்றது. பதுளையும் மொனராகலையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். மாவட்டத்தார் அனைவரும் தனியார் வகுப்புக்குச் சென்றாலும் இடங்கள் ஒன்றேனும் கூடப்போவதில்லை. அன்றியும், கோட்டா மாவட்டத்தைக் காண்கின்றதேயன்றி லயத்தைக் காண்பதில்லை. பதுளை நகரில் விஞ்ஞான ஆய்வுகூடத்துடன் கற்ற மாணவனும், விஞ்ஞான ஆசிரியரையே காணாத லுணுகலைத் தோட்டத்து மாணவனும் அதன் கண்ணில் ஒரே மாவட்டத்தினர்.

முதன்மையை விலைக்கு வாங்குவது தவறு என்று கூறிவிடலாமா? அடம் சுவிஃப்ட் என்னும் மெய்யியலாளர் 2003இல் எழுதிய நூலொன்றில் இதற்கு ஒரு வரம்பு காட்டுகின்றார். அரசு தரும் பாடசாலை போதுமானதாய் இருக்கும்போது, பிறரை முந்துவதற்காக மட்டும் பணம் கொடுப்பது ஏற்கத்தக்கதன்று. அது போதுமானதாய் இல்லாதபோது, குறையை நிரப்பப் பணம் கொடுப்பது குற்றமன்று என்பது அவர் கருத்தின் சாரம். இவ்வரம்பை ஊவாவில் வைத்துப் பார்த்தால், ஒரே கட்டணம் இருவேறு செயல்களாகப் பிரிகின்றது. நல்லாசிரியர் நிறைந்த கல்லூரியில் பிள்ளையை வைத்துக்கொண்டு மேலும் வகுப்புக்கு அனுப்பும் உத்தியோகத்தர் முந்துதலை வாங்குகின்றார். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய், அரசு தரவேண்டிய ஒன்றைத் தன் கூலியால் வாங்குகின்றாள். ஊவாவில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானப் பிரிவை நடத்தும் பாடசாலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டோர்கூட 'ஆசிரியர் உதவியாளர்' என்ற பெயரில் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவுடன் அமர்த்தப்பட்டவர்களே.

குற்றமற்ற அச்செயலுக்கும் விலை உண்டு. அதனைச் செலுத்துபவள் பெரும்பாலும் மற்றொரு பிள்ளை. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஒரு தாய் பெற்ற பிள்ளைகளுள்ளும் கற்ற மகன் பக்கமே அவள் நெஞ்சு சாயும் என்று புறநானூற்றில் பாடினான். அவன் கூறியது கல்விக்குப் பின் நிகழும் சாய்வை. லயத்தில் அச்சாய்வு கல்விக்கு முன்பே நிகழ்கின்றது. எவன் கற்பான் என்று வீடு தீர்மானிக்கின்றது. எஞ்சியவள் கொழும்பில் ஒரு வீட்டுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகின்றாள். சில வீடுகளில் தாயே மத்திய கிழக்குக்குப் போகின்றாள். பின்னர் அம்மகன் ஆசிரியனானால், தோட்டமே அதனை வெற்றி என்று கொண்டாடும். கொண்டாடுவதில் பிழையில்லை. ஆனால் கல்வியின் பயனை அளப்போர் அவனை மட்டும் எண்ணிவிட்டு அவளை எண்ணாது விடுவரேல் அது அரைக் கணக்கேயாகும்.

இரண்டாவது விலை பாடசாலை செலுத்துவது. அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், ஒரு பொதுப் பாடசாலை தரம் குன்றும்போது அதனை முதலில் விட்டு நீங்குவோர் தரத்தில் மிகுந்த அக்கறை உடையோரே என்றும், அவர்களோடு முறையிடும் குரலும் நீங்கிவிடுகின்றது என்றும் காட்டினார். தோட்டத்தில் அக்குரல் உடையோர் கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கத் தலைவர், ஆசிரியர் ஆகியோர். இவர்தம் பிள்ளைகளே முதலில் நகரத்துக்குச் செல்கின்றனர். காலையில் ஆசிரியர் நகரிலிருந்து தோட்டத்துக்கு ஏறிவர, வசதியுள்ள பிள்ளைகள் தோட்டத்திலிருந்து நகருக்கு இறங்கிச் செல்கின்றனர். அவ்வாசிரியரைக் குறைகூறுவது எளிது. அவருக்கும் பிள்ளை உண்டு.

தனியார் வகுப்பு இதனினும் நுட்பமானது. அதில் எவரும் பாடசாலையை விட்டு நீங்குவதில்லை. குறை மட்டும் மறைகின்றது. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் மூவர் கணிதத்தில் சித்தியடைந்தால், பெறுபேற்றுப் பட்டியலில் அப்பாடசாலையின் பெயரே காணப்படும். பண்டாரவளைக்கு அவர்கள் கொடுத்த பஸ் கட்டணம் அதில் காணப்படாது. வலயக் கல்வி அலுவலகம் அவ்வெற்றிடத்தை அவசரமானதாகக் கருதுவதற்குக் காரணம் ஒன்று குறைகின்றது. மறுநாள் அதே வகுப்பில், வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத நால்வர் ஆசிரியரின்றி இருப்பர்.

பெற்றோர் தம் பிள்ளையின் வகுப்பை நிறுத்திவிட வேண்டும் என்று இதனால் கோருவதற்கு எவருக்கும் உரிமையில்லை. பிறர் பிள்ளைக்காகத் தன் பிள்ளையின் ஓராண்டைக் கொடு என்று தோட்டத் தாயிடம் கேட்பது கொடுமை. கேட்கத்தக்கது வேறொன்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோருடன் ஆசிரியருக்கும் பழைய மாணவருக்கும் நலன்விரும்பிகளுக்கும் இடமுண்டு. மகனை நகரத்துக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட கணக்கப்பிள்ளை பெற்றோர் என்ற இடத்தை இழந்திருக்கலாம். அத்தோட்டப் பாடசாலையிலேயே ஐந்தாம் வகுப்புவரை கற்ற பழைய மாணவன் என்ற இடத்தை அவர் இழப்பதில்லை. அக்கூட்டத்துக்குச் சென்று, கணித ஆசிரியர் எத்தனை மாதமாக இல்லை என்பதை எழுத்தில் பதியச் செய்து, வலயப் பணிப்பாளருக்கு அனுப்பும் கடிதத்தில் கையொப்பமிடுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.