தேன் யாருக்குச் சொந்தம்?

வகுப்பிலே ஒரு நாள் தேனீயைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக் கொல்லையில் இருக்கும் தேன்பெட்டிகளைப் பற்றியும் சற்றே பெருமையுடன் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "ஐயா, தேனீ தன் கூட்டத்துக்கென்று சேர்த்து வைத்ததை நாம் எடுத்துக்கொள்கிறோமே, அது திருட்டு இல்லையா?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லையில் கிடக்கும் காலிப்பெட்டி ஒன்று என் நினைவுக்கு வந்தது.

என் ஊர் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திற்கு அருகே. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் மாசியும் பங்குனியும் எங்களுக்குத் தேன் காலம். பூவில் மட்டுமே தேன் உண்டு என்று எண்ணுவோர் இதைக் கேட்டு வியப்பர்: ரப்பர் மரத்தில் இளந்தளிரின் இலைக்காம்பிலே உள்ள சுரப்பிகளிலிருந்து இனிய நீர் கசிகிறது. தேனீ அதனை உறிஞ்சிச் சுமந்து வருகிறது. வாய்க்கு வாய் மாற்றுகிறது. சிறகால் விசிறி நீரை வற்றச் செய்கிறது. அறுகோண அறையில் நிரப்பி மெழுகால் மூடுகிறது. உழைப்பு மிகுந்த காலத்தில் ஒரு பணித் தேனீயின் ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரம். பங்குனியில் சேர்த்தவள் ஆனி மழையைக் காணமாட்டாள். பின்னே பிறக்கும் தங்கையர் உண்பதற்காகவே அத்தனை பாடும்!

"தேன் படைக்கப்பட்டதே மனிதனுக்காகத்தான்" என்பார் சிலர். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தேனீ இருந்தது. அன்று அது யாருக்காகச் சேர்த்தது? கேட்டால் விடை வராது.

"பெட்டி என்னுடையது, ஆகவே தேனும் என்னுடையது" என்பார் வேறு சிலர். நானும் அப்படித்தான் எண்ணினேன். தேனீ வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, பங்குனி இறுதியில், மேலே இருந்த தேன் அறையை வழித்தெடுத்தேன். ஆசை அடங்கவில்லை. கீழே புழு அறைச் சட்டங்களின் மேலோரத்தில், குஞ்சுகளுக்கு அருகே, கொஞ்சம் தேன் ஒதுக்கி வைத்திருந்தன. அதையும் எடுத்தேன். ஆனி பிறந்தது, மழை விடாமல் பெய்தது. "சர்க்கரைக் கரைசல் வை, தம்பி" என்றார் அண்டை வீட்டுப் பெரியவர். நாளை பார்க்கலாம் என்றிருந்தேன். ஒரு காலையில் திறந்தேன்: வெற்று அடைகள், அவற்றிலே மெழுகுப்பூச்சியின் நூலாம்படை. நம் நாட்டு அடுக்குத் தேனீ அப்படித்தான். உணவற்ற இடத்தில் அது மன்றாடுவதில்லை, கூட்டத்தோடு வெளியேறிவிடும்.

பெட்டி எனது. சட்டம் எனது. வாங்கிய ரசீதும் என்னிடம் உண்டு. தேனீ அந்த ரசீதைப் படிக்கவில்லை!

அப்படியானால், தேனைத் தொடவே கூடாதா? அதுவும் என் முடிவன்று. முன்னாளில் கூட்டையே பிய்த்து, அடையையும் புழுவையும் சேர்த்துப் பிழிந்தனர். 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத், அடைகளுக்கிடையே தேனீ விடும் இடைவெளியின் அளவை உணர்ந்து, கழற்றி மாட்டும் சட்டங்களை அமைத்தார். 1910-களில் திருச்சிப் பகுதியில் நியூட்டன் என்னும் பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்கேற்ற சிறு பெட்டியை உருவாக்கினார். இன்று அடை சிதையாமல், குஞ்சு சாகாமல், மிகுதியை மட்டும் எடுக்கலாம். அறிவு வளர்ந்த இடத்தில் இரக்கத்துக்கும் வழி பிறந்தது.

எது மிகுதி என்று முடிவு செய்பவர் யார்? தேனீயைக் கேட்டால் நீதி கிடைக்குமா? கிடைக்காது. பஞ்ச காலத்தில் வலுத்த கூடு மெலிந்த கூட்டைக் கொள்ளையிடுவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இயற்கையிலே உழைப்பும் உண்டு, களவும் உண்டு; இரண்டையும் அது ஒன்றுபோலவே பார்க்கிறது. நீதி, மனிதன் எண்ணிக் கண்டது. எனவே அதன் பொறுப்பும் மனிதனுடையதே.

மறுநாள் அந்தச் சிறுமிக்கு விடை சொன்னேன்: "அம்மா, அதன் மழைக்காலப் பசியை முதலில் கணக்கிட்டு, அதற்கு வேண்டியதை விட்டுவிட்டு எடுத்தால், அதைக் காத்ததற்குக் கிடைத்த பங்கு. பசியை மறந்து எடுத்தால் திருட்டு. நான் ஒருமுறை திருடியிருக்கிறேன்."

இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை.

தோழர்களே, அதே ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் விளக்கோடு நடக்கும் பால்வெட்டுத் தொழிலாளரை நான் அறிவேன். மரம் தளிர்விடும்போது, தேனீக்கு விருந்து. பல தோட்டங்களில் வெட்டு நிற்பதால் அன்றாடக் கூலிக்காரருக்கு அது வறண்ட காலம். உழைப்பவரின் மழைக்காலத்தைக் கணக்கிடாமல் "தோட்டம் என்னுடையது" என்று சொல்வோர், என்னைப் போலவே ரசீதைக் காட்டுகிறார்கள். என் தேனீக்கள் பறந்து போய் எனக்குப் பாடம் புகட்டின. குடும்பத்தோடு பறந்து போக அந்தத் தொழிலாளிக்குச் சிறகில்லை. அவர் போகமுடியாமல் நிற்பதைச் சம்மதம் என்று நாம் எண்ணிக்கொள்ளலாமா?