நீர் இறைத்த ஒட்டகம்

ரமழான் மாதத்து உம்றா ஹஜ்ஜுக்கு நிகர் என்னும் நபிமொழியை அறியாத முஸ்லிம்கள் அரியர். அது யாரிடம், எந்தச் சூழலில் கூறப்பட்டது என்பதை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. எம்முடன் ஹஜ்ஜுக்கு ஏன் வரவில்லை என்று மதீனத்துப் பெண்ணொருத்தியிடம் நபிகள் நாயகம் வினவுகிறார். வீட்டிலிருந்த இரண்டு ஒட்டகங்களுள் ஒன்றிலேறிக் கணவர் போய்விட்டார். மற்றது நிலத்துக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தது என்கிறாள் அவள். அதன்பின் அவளுக்குக் கிடைத்த விடையே அம்மொழி. புகாரியின் தொகுப்பிலுள்ள செய்தி இது. (நன்மையில்தான் நிகர், கடமையான ஹஜ்ஜை அது தீர்த்துவிடாது என்பர் மார்க்க அறிஞர்.) உழைப்பின் கட்டினால் பின்தங்கிய ஒருத்தியின் இழப்பை ஈடுசெய்யவன்றோ அச்சலுகை பிறந்தது!

இன்று அதை அனுபவிப்போர் யாவர்? ரமழானின் இறுதிப் பத்து நாட்களில் மக்காவில் தங்குமிடக் கட்டணம் உச்சத்துக்கு ஏறிவிடுகிறது. ஆயினும் மீண்டும் மீண்டும் போய்வருவோர் உளர். நுவரெலியா மாவட்டத்து அட்டன் நகரை எடுத்துக்கொள்வோம். அதன் கடைவீதி தோட்டத்துச் சம்பள நாளை நம்பி வாழ்வது. அச்சம்பளமோ நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர், 2021-இல்தான் நாளொன்றுக்கு 1000 ரூபாயை எட்டியது. கொழுந்து பறிப்பவள் அரிசிக்கும் மாவுக்கும் கொடுத்த காசில் ஒரு பங்கு இலாபமாகிப் பயணச்சீட்டுமாகிறது. வியாபாரம் ஆகுமானதே, அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் நீர் இறைத்துக்கொண்டு பின்தங்கிய அந்த மதீனத்துப் பெண்ணுக்கு நெருங்கிய உறவு, பயணம் போகும் முதலாளியா, மலைச்சரிவில் கூடை சுமந்து நிற்பவளா?

தோட்டங்களில் முஸ்லிம் தொழிலாளர் சிறுதொகையினரே. எனினும் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றோராக்கியபோது மதம் பார்க்கவில்லை. சக்தியுள்ளோர்க்கே புனிதப்பயணம் கடமை என்கிறது மார்க்கம். பணமிருந்தும் கடவுச்சீட்டுப் பெற வழியற்றவனுக்கு அச்சக்தி ஏது?

உம்றா செய்வோர் ஸபா, மர்வா குன்றுகளிடையே ஏழுமுறை நடக்கின்றனர். தாகித்த குழந்தைக்கு நீர் தேடி ஓடிய ஹாஜரின் தடம் அது. அவர் பணிப்பெண்ணாயிருந்தவர். மன்னரும் வணிகரும் அங்கே அவர் காலடியைத்தான் பின்பற்றுகின்றனர்.

பயணம் புறப்படுமுன் தம் கடன்களைத் தீர்ப்பது முஸ்லிம்களிடையே நல்வழக்கு. கடன்பட்டவன் இடர்ப்பட்டால் அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுப்பது அதனினும் நன்று எனவும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. கடனாளியின் மதத்தை அது கேட்கவில்லை. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ உம்றாவுக்கு ஆயத்தமாகும் கடைக்காரர், தாம் கொடுக்க வேண்டியதைத் தீர்த்த கையோடு, லயத்து வீடுகளின் பெயர்கள் எழுதப்பட்ட கடன் கொப்பியையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.