இரவில் மதிலைச் சுற்றியவர்



முன்வரிசையில் நம் ஆவூர்ச் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்றைய திருப்பலி அவர்களுக்காக.

முதல் வாசகத்தில் நெகேமியாவைக் கேட்டோம். அரண்மனை உத்தியோகத்தை விட்டு, இடிந்து கிடந்த எருசலேமுக்கு வந்தவர் அவர். வந்ததும் கூட்டம் போடவில்லை. மூன்று நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஓர் இரவில், சில ஆட்களோடு மதிலைச் சுற்றிப் பார்க்கப் போனார். ஓரிடத்தில் அவர் ஏறிவந்த விலங்கு மேலே போக வழியில்லாமல் நின்றுவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். அப்போதும் ‘உங்கள் கஷ்டம்’ என்று பேசவில்லை, ‘நம் கஷ்டம்’ என்றே பேசினார்.

நம் மதிலும் இடிந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கூரையை நிமிர்த்துவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடியது. அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தை வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதற்குள் அது இரண்டாம் வகுப்பு! நடந்து முடிந்த கதைதானே என்று நினைக்காதீர்கள். மேல்வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு அது இன்னும் முடியவில்லை.

பள்ளிகள் மறுபடி திறந்தபோது நான் வேறொரு பங்கில் பள்ளித் தாளாளராக இருந்தேன். திறப்பு நாளுக்கு நல்ல உரை ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். ஒழுங்கு, தேர்ச்சி விகிதம் எல்லாம் அதில் இருந்தது. தலைமையாசிரியை, “ஃபாதர், பேச்ச அடுத்த வாரம் வச்சுக்கலாம், மொதல்ல எங்கூட வாங்க” என்று மூன்றாம் வகுப்புக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு சிறுவன் கம்பைப் பிடிப்பதுபோல் ஐந்து விரலாலும் பென்சிலை இறுக்கிப் பிடித்திருந்தான். தலைமையாசிரியை அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். விரல் விரலாகப் பிரித்து, எது எங்கே இருக்க வேண்டும் என்று வைத்துக் கொடுத்தார். அவன் ‘அ’ போட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நான் என் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அந்தத் தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வராத பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு தெருவில் இறங்கினார். எட்டாவது படித்த பையன் ஒருவன், அப்பா வாங்கிய முன்பணத்துக்கு ஆடு மேய்க்கப் போயிருந்தான். நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். மதில் எழும்பிக்கொண்டிருந்தபோதே, கடனுக்காகப் பிள்ளைகளை அடிமையாக விட நேர்ந்த பெற்றோரின் ஓலம் நெகேமியாவின் காதில் விழுந்தது. கட்டட வேலை முடியட்டும் என்று அவர் தள்ளிவைக்கவில்லை. கடன் கொடுத்தவர்களைக் கூட்டி வைத்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். நாங்களும் பங்குப் பேரவையாரோடு போய் முன்பணம் கொடுத்தவரிடம் பேசினோம். பையனை வகுப்புக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆயிற்று.

இதையெல்லாம் ஒரு தலைமையாசிரியர் தனியாகச் செய்ய முடியுமா? எமிஸ் இணையதளப் பதிவு, சத்துணவுக் கணக்கு, ஒழுகுகிற கூரை, விடுப்பில் இருக்கிற ஆசிரியர் என்று அவருக்கு நாள் ஓடிவிடுகிறது. “டீச்சர், சாப்பிட்டீங்களா?” என்று அவரைக் கேட்கிறவர் நம்மில் எத்தனை பேர்?

நெகேமியாவோடு மதிலைக் கட்டியவர்கள் எல்லாரும் கொத்தனார்கள் அல்ல. பொற்கொல்லர் கட்டினார், நறுமணத் தைலம் செய்கிறவர் கட்டினார், சல்லூம் என்பவர் தம் மகள்களோடு வந்து கட்டினார். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் தோள் கொடுக்கவில்லை. அதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

இப்படிக் கூடிச் செய்வது நமக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தில், நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் சம்பளம் வாங்காத தொண்டர்கள் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது எழுதப் படித்ததோடு சைக்கிளும் ஓட்டக் கற்ற பாட்டிமார் இங்கே இருப்பீர்கள். இந்த ஊரின் விசுவாசமும் அப்படித்தான் காப்பாற்றப்பட்டது. இங்கே பணிசெய்த இயேசு சபைக் குரு பூசே அடிகளார் காலத்துக் கோவிலுக்குப் பின் 1747இல் புதுக்கோவில் எழுந்தது. அந்த இயேசு சபையே 1773இல் கலைக்கப்பட்டு, 1814இல்தான் மறுபடி உயிர்பெற்றது. குருக்கள் அரிதான அந்தக் காலத்தில் செபம் சொல்லிக் கொடுத்து மந்தையைக் காத்தவர்கள் உபதேசியார்களும் வீட்டுப் பெரியவர்களும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தலைமையாசிரியர்கள் கோவில் வாசலில் இருப்பார்கள். இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியல் அவர்கள் கையில் இருக்கும். அவரவர் தெருவில் இருக்கிற வீடுகளை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வைத்திருக்கிற இளைஞர்கள் தூரத்து வீடுகளுக்குத் தலைமையாசிரியர்களைக் கூட்டிப் போங்கள். நானும் வருகிறேன்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.