ஆளில்லாச் சந்தியில் சிவப்பு விளக்கு

ஸுப்ஹுத் தொழுகை முடிந்தபின் பத்திரிகைக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போடும் வாலிபர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். காட்டுப்பாக்கம் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஐயப்பன்தாங்கல் பக்கமும் குமணன்சாவடி பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி எதுவும் இல்லை. போலீஸ்காரரும் இல்லை. "ஹஜ்ரத், அந்த நேரத்திலும் நான் சைக்கிளை நிறுத்திக் காத்திருக்கத்தான் வேண்டுமா? போய்விட்டால் அது சர்க்காரிடத்தில் மட்டும் குற்றமா, அல்லாஹ்விடத்திலும் குற்றமா?" இதுதான் அவருடைய கேள்வி.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ரோட்டு விளக்குக்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர்களுடைய எண்ணம். ஒளூவின் சுன்னத்துகளைப் பற்றி மணிக்கணக்கில் கேட்பவர்கள்கூடப் பள்ளிவாசல் படியிறங்கிச் செருப்பை மாட்டியதும், மார்க்கத்தைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்ததுபோல் சாலையில் நடந்துகொள்வதை நாம் காண்கிறோம். ஆனால் அந்த வாலிபர் கேட்டது சின்னக் கேள்வியன்று. ஒரு சட்டம் எதற்காக ஏற்பட்டதோ அந்தக் காரணம் கண்முன் இல்லாதபோது அச்சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துமா? உஸூலுல் ஃபிக்ஹு கற்பவர்கள் பல காலமாக விவாதித்து வந்த விஷயம் இது.

முதலில், சாலை மார்க்கத்துக்குப் புறம்பான இடமன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பாதைகளில் உட்காருவதை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்தார்கள். உட்காராமல் இருக்க முடியவில்லை என்று ஸஹாபாக்கள் கூறியபோது, அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதை அந்த ஹக்குகளில் ஒன்றாக எண்ணிக் கூறினார்கள். கடன் கொடுத்தவருக்கு ஹக்கு உண்டு, அண்டை வீட்டாருக்கு ஹக்கு உண்டு என்று நாம் அறிவோம். பாதைக்கும் ஹக்கு உண்டு என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஹஜ்ஜத்துல் விதாவின்போது நடந்த மற்றொரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அரஃபாவிலிருந்து திரும்பும் வழியில் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பின்னால் பெரும் கூச்சல். ஒட்டகங்களை அடித்து விரட்டும் சப்தம். அவர்கள் திரும்பிப் பார்த்துத் தம் சாட்டையால் சைகை செய்து, மக்களே, நிதானத்தைக் கைக்கொள்ளுங்கள், விரட்டி ஓட்டுவதில் நன்மை இல்லை என்ற கருத்தில் கூறினார்கள். இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். போகிறவர்கள் ஹாஜிகள். போகும் காரியமோ இபாதத். அப்படியிருந்தும் பாதையில் ஒருவரை ஒருவர் முண்டியடித்துச் செல்வது அந்த இபாதத்தின் பெயரால் ஆகுமாக்கப்படவில்லை. ஜமாஅத்துக்கு இகாமத் சொல்லப்பட்டாலும் ஓடிவராதீர்கள், அமைதியாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸும் இத்தகையதே. ஜமாஅத் தவறிவிடுமே என்று சிவப்பு விளக்கைத் தாண்டி வருகிறவர் அந்தத் தொழுகைக்கே உரிய ஓர் ஒழுங்கை வழியில் விட்டுவிட்டு வருகிறார்.

நம்முடைய ஃபுகஹாக்கள் இதைச் சட்டமாகவே எழுதிவைத்துள்ளார்கள். பொதுப்பாதையில் செல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, ஆனால் பிறருக்குத் தீங்கு நேராதிருத்தல் என்ற நிபந்தனையோடு என்பதே அவர்களுடைய அடிப்படை விதி. உஸ்மானியா ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத்தொகுப்பில் இது 926ஆவது பிரிவாக இடம்பெற்றது. மோட்டார் வாகனம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட சாலை விதி அது!

"இங்கே ஆட்சி இஸ்லாமிய ஆட்சியல்லவே, இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவது எப்படி மார்க்கக் கடமையாகும்?" என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1993ஆம் ஆண்டு புரூணையில் கூடி, ஷரீஅத்துக்கு மாறுபடாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது வாஜிபு என்று தீர்மானித்தது. ஆட்சித்தலைமைக்குக் கீழ்ப்படிதலோடு, மக்களின் பொதுநன்மையையும் அதற்கு ஆதாரமாகக் காட்டியது. பொதுநன்மைக்கு நாட்டெல்லை ஏது? நம் நாட்டு நிலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உடன்படிக்கை. பச்சை விளக்கில் நான் போவேன், சிவப்பில் நீ நிற்பாய் என்ற ஒப்பந்தத்தின்மீதுதான் ஒவ்வொருவரும் சாலையில் கால்வைக்கிறார்கள். கையெழுத்திட்ட பத்திரம் இல்லாவிட்டாலும், வழக்கத்தில் அறியப்பட்டது நிபந்தனையாகப் பேசப்பட்டதைப் போன்றதே என்பது ஃபிக்ஹின் விதி. நான் நிற்பேன் என்று நம்பித்தான் எதிரிலுள்ள கிழவர் காலை எடுத்துவைக்கிறார்.

இனி வாலிபரின் கேள்வியின் கருவுக்கு வருவோம். ஒரு சட்டத்தின் 'ஹிக்மத்' வேறு, அதன் 'இல்லத்' வேறு என்று மதரஸாவில் ஓதுகிறோம். சட்டத்தால் விளையும் பயன் ஹிக்மத். சட்டம் எந்த வெளிப்படையான அடையாளத்தின்மீது கட்டப்பட்டிருக்கிறதோ அது இல்லத். பிரயாணி தொழுகையைச் சுருக்கித் தொழுவதன் ஹிக்மத் கஷ்டத்தை நீக்குவது. இல்லத்தோ பிரயாணம். சென்னையிலிருந்து மதுரைக்கு ஏ.சி. பெட்டியில் படுத்துக்கொண்டே போகிறவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எனினும் அவருக்குக் கஸ்ரு உண்டு. கோயம்பேடு மார்க்கெட்டில் காலை முதல் மூட்டை தூக்கி முதுகு ஒடிந்து நிற்கும் உள்ளூர்க் கூலியாளுக்குக் கஸ்ரு இல்லை. ஏன்? கஷ்டம் ஆளுக்கு ஆள் மாறும். அவரவர் அளந்துகொள்ளட்டும் என்று விட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சட்டம் வைத்துக்கொள்வார்கள். பிரயாணம் என்ற அடையாளம் எல்லோர் கண்ணுக்கும் ஒன்றுபோல் தெரிவது. ஆகவே சட்டம் அதன்மீது நிற்கிறது.

சிவப்பு விளக்கும் அப்படித்தான். மோதல் நேராதிருப்பது ஹிக்மத். விளக்கு எரிவது இல்லத். "வண்டி வந்தால்தான் நிற்பேன்" என்பவர் இல்லத்தைத் தள்ளிவிட்டு, ஹிக்மத் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொள்கிறார். அந்தத் தீர்ப்புச் சரியானதுதானா என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது மீட்டர் அகலமுள்ள சந்தியை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் சைக்கிளுக்கு ஒன்பது விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அந்த ஒன்பது விநாடியில் 150 மீட்டர் வந்துவிடும். அரை இருட்டு, மெட்ரோ ரயில் பாதைக்காகச் சாலை நடுவே எழுந்துள்ள தூண்கள், வளைவு, பனி! இத்தனைக்கும் நடுவில் "ஒருவரும் இல்லை" என்று நம் கண் சொல்வது உண்மையில் "நான் ஒருவரையும் பார்க்கவில்லை" என்பது மட்டுமே. இரண்டும் ஒன்றல்ல.

மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு. இவர்களில் எத்தனை குடும்பங்கள் "ஒருவரும் இல்லை" என்ற எண்ணத்தால் அநாதையாயின என்பதை அல்லாஹ்வே அறிவான்.

சைக்கிள்காரருடைய நிலையில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டினார்கள். இரவில் விளக்கில்லாமல் போனாலும், இருவராக ஏறிப் போனாலும் போலீஸ்காரர் பிடித்து நிறுத்துவார். 1949ல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி இதோ பக்கத்து அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் செய்து தமிழ்நாடெங்கும் அனுப்பிய காலம் அது. இன்று வில்லையும் இல்லை, லைசென்ஸும் இல்லை, நம்பர் பலகையும் இல்லை. சந்தியில் வைத்துள்ள காமிரா மோட்டார் சைக்கிளின் எண்ணைப் படித்து வீட்டுக்கு அபராதச் சீட்டு அனுப்பும். சைக்கிளில் படிப்பதற்கு அதற்கு எதுவும் இல்லை. சட்டமே இல்லையென்று சொல்ல முடியாது. பொதுவழியில் பிறருக்கு ஆபத்து நேரும்படி எந்த வாகனத்தை ஓட்டினாலும் குற்றமென்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 279ஆம் பிரிவில் கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 281ஆம் பிரிவு. ஆனால் பிடிப்பார் இல்லை.

பிடிப்பார் இல்லாத இடத்தில்தான் தக்வா சோதிக்கப்படுகிறது. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், உமர் (ரலி) அவர்கள் பார்க்காவிட்டாலும் உமருடைய ரப்பு பார்க்கிறானே என்று மறுத்த சிறுமியின் சம்பவத்தை நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அதே குழந்தையை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டினால் அது எந்தப் பாடத்தை நினைவில் வைக்கும்? பதினோராம் வகுப்பில் சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் பாடம்தான் அதனுடன் போகும். கிராமன் காத்திபீன் மலக்குகளுக்கு நம்பர் பலகை தேவையில்லை.

இதில் நாம் மிகவும் அஞ்சுவது வேறொன்று. தொழுகையை விட்டவர் தவ்பா செய்து களாவும் செய்யலாம். அடியார்களின் ஹக்கு அப்படிப்பட்டதல்ல. பாதிக்கப்பட்டவர் மன்னிக்க வேண்டும். கடைக்காரரை ஏமாற்றியவருக்குக் கடை தெரியும், போய் மன்னிப்புக் கேட்கலாம். சிவப்பு விளக்கில் பாய்ந்து செல்லும் சைக்கிளைக் கண்டு திடுக்கிட்டுப் பின்வாங்கிய ஒரு மூதாட்டி கால் இடறி விழுகிறாள். சைக்கிள் அவளைத் தொடவில்லை. ஓட்டியவர் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் பெயரென்ன, எந்தத் தெரு, என்ன ஆனாள், ஒன்றும் தெரியாது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பார்? தான் கடனாளி என்பதே அறியாமல் கியாமத்தில் எழுந்து நிற்பதைவிடப் பயங்கரமான நிலை எது?

வெளிநாடுகளில் சைக்கிள்காரருக்குச் சலுகை கொடுத்திருக்கிறார்களே என்றால், உண்மைதான். அமெரிக்காவின் இடாஹோ மாநிலம் 1982ல் சட்டமியற்றி, நிறுத்தப் பலகை உள்ள இடத்தில் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, வழிவிட்டுச் செல்லலாம் என்றது. பாரிஸ் நகரில் உரிய பலகை வைத்த சந்திகளில், நடப்பவர்களுக்கு முதலிடம் தந்து, சிவப்பு விளக்கிலும் சைக்கிள் செல்லலாம். இவை 'ருக்ஸத்' போன்றவை. சட்டம் போட்டவரே, ஆராய்ந்து, எல்லோருக்கும் அறிவித்துத் தந்த சலுகை. எதிரில் வருபவருக்கும் அது தெரியும். நாமே நமக்குக் கொடுத்துக்கொள்வது ருக்ஸத் ஆகாது. நம்மூரிலும் இரவில் பல சந்திகளில் மஞ்சள் விளக்கை மட்டும் மின்னவிடுகிறார்கள். அப்போது பார்த்துப் போகலாம். சிவப்பே எரிகிறதென்றால் அந்தச் சலுகை இங்கே தரப்படவில்லை என்றுதான் பொருள். விளக்கு பழுதாகி மாறாமலே நின்றாலும், போலீஸ்காரர் கையைக் காட்டிப் போகச் சொன்னாலும் சட்டம் வேறு.

சைக்கிள்காரர்களின் ஒரு முறையீட்டை மட்டும் நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். "பச்சை விழுந்ததும் பின்னாலுள்ள பஸ்ஸும் தண்ணீர் லாரியும் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. நடுவில் மாட்டிக்கொண்டால் உயிர் போய்விடும். அதனால் முன்னதாகவே தாண்டிவிடுகிறோம்" என்கிறார்கள். இது சோம்பேறிச் சாக்கு அல்ல, உயிர்ப்பயம். இதற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. இறங்கிவிடுங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நடப்பவர்களுக்கு வழிவிடும் நேரத்தில் அவர்களோடு சேர்ந்து கடந்துவிடுங்கள். அரை நிமிஷம் தாமதமாகும். கட்டடவேலைக்குப் போகிறவரும் டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகும்படி சாலை போட்டவர்களுக்கும் பொறுப்பு உண்டு. இராக்கில் ஒரு கோவேறுகழுதை இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று அல்லாஹ் தம்மைக் கேட்பானே என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வந்துள்ளது. சைக்கிளுக்கென ஒரு முழம் இடம்கூட ஒதுக்காத நெடுஞ்சாலைகளைப் பற்றி நம் அதிகாரிகளிடம் மனுக்கொடுப்பதும் மஹல்லா ஜமாஅத்துகளின் வேலைதான்.

கடைசியாக ஒன்று. ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவில், சவாரி செய்பவரின் பிராணி முன்னங்காலால் மிதித்தால் அவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், நடந்துகொண்டிருக்கும்போது பின்னங்காலால் உதைத்தால் கொடுக்க வேண்டியதில்லை என்று எழுதியுள்ளார்கள். உதையைத் தடுப்பது அவர் கையில் இல்லை. ஆனால் அதே பிராணியைப் பாதையில் நிறுத்திவைத்து, அது உதைத்தால் அதற்கும் அவரே பொறுப்பு. நிறுத்தாமல் இருப்பது அவர் கையில் இருந்ததல்லவா! வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்து, பள்ளிவாசல் வாசலில் பாதிச் சாலையை அடைத்துச் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் நிறுத்திவிட்டு முதல் ஸஃப்பில் போய் உட்காருபவர்கள், உள்ளே போகுமுன் அந்தப் பாடத்தை ஒருமுறை நினைத்து, வண்டியைச் சுவரோரம் தள்ளி நிறுத்தட்டும்.